கொட்டகையில் தும்மல் கூடினால்: கோழிகளின் பாக்டீரியா சுவாச நோய்களைக் கண்டறிவதும் பின்தொடர்வதும்

10,000 கோழிகள் இருக்கும் கொட்டகையில் ஒரு கோழி தும்முவது செய்தியல்ல. நேற்று இரவு 2 நிமிடத்தில் 4 தும்மல் கேட்ட மூலையில் இன்று 15 கேட்டால், அது செய்தி. சுவாச நோயைக் கண்டறிவது இந்த வித்தியாசத்தைப் பிடிப்பதில்தான் தொடங்குகிறது. இங்கே தனிக் கோழி நோயாளி அல்ல. கூட்டம் முழுவதும் சேர்ந்துதான் ஒரு நோயாளி. ஆய்வகம் தரும் 'உண்டு', 'இல்லை' என்ற சொல்லும் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். எந்தக் கொட்டகை, எந்தத் தேதி, அறிகுறி தொடங்கி எத்தனையாவது நாள் என்ற மூன்று விவரங்களும் சேராத சோதனை முடிவு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பாதி முடிவுதான்.

எந்தக் கிருமி, எப்படி நடந்துகொள்ளும்

பண்ணைகளில் 'சி.ஆர்.டி' என்று சொல்லப்படும் நாள்பட்ட சுவாச நோய்க்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம். இது மிகச் சிறிய பாக்டீரியா. இதற்குச் செல் சுவர் கிடையாது. அந்த ஒரு குணத்திலிருந்தே பல விஷயங்கள் புரியும். செல் சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதை ஒன்றும் செய்யாது. உடலுக்கு வெளியே எளிதில் உலர்ந்து சாகும். ஆய்வகத்தில் வளர்ப்பதும் சிரமம். கூட்டத்துக்குள் மெதுவாக, வாரக்கணக்கில் பரவும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். இதன் உறவான மைக்கோபிளாஸ்மா சினோவியே, நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகளோடு மூட்டுகளையும் தாக்கும். சில வகைகள் முட்டையின் கூர்முனை ஓட்டை மெலிதாக்கிவிடும்.

கொரைசா என்ற நோய் மைக்கோபிளாஸ்மாவுக்கு நேர் எதிர். காரணம் அவிபாக்டீரியம் பாராகாலினாரம். தொற்றிய 1 முதல் 3 நாளுக்குள் மூக்கு ஒழுகும், கண்ணுக்குக் கீழே முகம் வீங்கும், கொட்டகைக்குள் நுழைந்தாலே ஒரு துர்நாற்றம் வரும். முட்டைக் கோழிகளில் உற்பத்தி 10 முதல் 40% வரை சரியலாம். இது முட்டை வழியாகப் பரவுவதில்லை. ஆனால் குணமான கோழி வெளியே நலமாகத் தெரிந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும்; புதிய கூட்டம் பக்கத்தில் வந்ததும் கதை மறுபடி தொடங்கும்.

ஆர்னிதோபாக்டீரியம் ரைனோட்ராக்கியேல் என்ற நீண்ட பெயர் கொண்டதை எல்லோரும் ஓ.ஆர்.டி என்றே சொல்கிறார்கள். 1994-ல்தான் இதற்கு முறையான பெயர் கிடைத்தது. காற்றுப்பைகளில் தயிர் போன்ற நுரைத்த கசிவை விட்டுச் செல்வது இதன் அடையாளம். வான்கோழிகளில் பார்டெடெல்லா ஏவியத்தையும் நினைவில் வைக்க வேண்டும். பாஸ்சுரெல்லா மல்டோசிடா உண்டாக்கும் கோழிக் காலரா ரத்தத்தில் பரவும் நோய் என்றாலும், மூச்சுத் திணறல், வீங்கிய தாடி, திடீர் இறப்பு என்று சுவாச நோய் போலவே முதலில் கண்ணில் படலாம்.

ஈ கோலி என்ற குடல் பாக்டீரியாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இறந்த கோழியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஈ கோலிதான் வளரும், அதுவே நோய் என்று எழுதப்பட்டுவிடும். உண்மையில் அது பெரும்பாலும் இரண்டாவதாக உள்ளே வந்தது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மைக்கோபிளாஸ்மாவோ, வைரஸோ, அம்மோனியாவோ அந்த இழைகளை முடக்கிவிட்டால், கொட்டகைத் தூசியிலிருக்கும் ஈ கோலி தடையில்லாமல் காற்றுப்பை வரை இறங்கும். அம்மோனியா 25 பி.பி.எம்-ஐ (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டக் கூடாது என்று வலியுறுத்துவதும் இதனால்தான். ஈ கோலிக்கு மட்டும் மருந்து கொடுத்து, கதவைத் திறந்துவிட்டவரைத் தேடாமல் விட்டால், மருந்து நிறுத்திய சில நாளில் இருமல் திரும்பி வரும்.

காதும் பதிவேடும்

மிக மலிவான கருவி காதுதான். ஆனால் அதற்கும் முறை வேண்டும். விளக்கை அணைத்துக் கோழிகள் அடங்க 15, 20 நிமிடம் விடுங்கள். மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்க முடிந்தால் சற்று நேரம் குறையுங்கள். வெப்பமான இரவில் அதைச் செய்ய வேண்டாம். கொட்டகையில் 4 இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் 2 நிமிடம் அசையாமல் நின்று தும்மலை எண்ணி எழுதுங்கள். தினமும் அதே இடங்கள், அதே நேரம், முடிந்தவரை அதே ஆள். சத்தங்களையும் பிரித்து எழுதுங்கள்: சுருக்கென்ற தும்மல் மேல் சுவாசப் பாதையைக் காட்டும், மூச்சோடு வரும் ஈரமான கரகரப்பு மூச்சுக்குழாயில் சளி இருப்பதைச் சொல்லும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து இழுக்கும் மூச்சு, அடைப்பு முற்றிவிட்டதன் அடையாளம். இத்தனை தும்மல் வந்தால் நோய் என்று எல்லாப் பண்ணைக்கும் பொருந்தும் எண் கிடையாது. உங்கள் கொட்டகையின் வழக்கமான எண்தான் அளவுகோல். அதனால் கோழிகள் நலமாக இருக்கும் நாட்களிலேயே எண்ணத் தொடங்க வேண்டும். மைக்ரோபோன் வைத்துக் கணினியே தும்மலை எண்ணும் கருவிகள் வந்துவிட்டன. அவையும் இதே வேலையைத்தான் களைப்பில்லாமல் செய்கின்றன.

கூடவே தண்ணீர் மீட்டரைத் தினமும் ஒரே நேரத்தில் படியுங்கள். உடம்பு சரியில்லாத கூட்டம் குடிப்பதைக் குறைப்பது, கண்ணில் தெரியும் அறிகுறிக்கு முன்பே எண்ணில் தெரிந்துவிடும். தீவனம், முட்டை எண்ணிக்கை, இறப்பு ஆகியவை அதே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கட்டும். பகலில் நடக்கும்போது கண் ஓரத்து நுரையையும் தோள் இறகையும் பாருங்கள். மூக்கு ஒழுகும் கோழி தன் மூக்கை இறகில் துடைக்கும். தோள் இறகில் அழுக்கு ஒட்டி உலர்ந்திருந்தால் ஒழுக்கு இன்று தொடங்கியதல்ல.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். முதலாவது, ராணிக்கெட் அல்லது தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்ற வைரஸ் நோய்களுக்கான உயிருள்ள தடுப்பூசி போட்ட 3 முதல் 7 நாளில் லேசான தும்மல் வருவது இயல்பு. அது தானாக அடங்க வேண்டும். 10 நாள் கடந்தும் அடங்காமல் கரகரப்பாக மாறினால், அடியில் மைக்கோபிளாஸ்மா ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டிய நேரம் அது. தடுப்பூசித் தேதி பதிவேட்டில் இல்லாவிட்டால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

இரண்டாவது பெரிய விஷயம். இறப்பு திடீரென்று ஏறுகிறது, கொண்டை நீலம் பாய்கிறது, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, கால் இழுக்கிறது, பச்சைக் கழிச்சல் போகிறது என்றால், அங்கே பாக்டீரியாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். பறவைக் காய்ச்சலும் ராணிக்கெட்டும் அப்படித்தான் வரும். கோழியை அங்கேயே அறுத்துப் பார்க்காமல், ஆளையும் வண்டியையும் நிறுத்தி, கால்நடைத் துறை அதிகாரிக்கு உடனே சொல்ல வேண்டும்.

அறுத்துப் பார்க்கும்போது

அந்தச் சந்தேகம் இல்லை என்றால், கால்நடை மருத்துவர் 5, 6 கோழிகளை அறுத்துப் பார்ப்பது பாதி வழியைக் காட்டிவிடும். நோய் தொடங்கிய கோழிகளும் அப்போதுதான் இறந்தவையும் கலந்திருக்க வேண்டும். காலையில் மூலையில் கிடந்த உப்பிய உடலில் குடல் கிருமி எல்லா இடத்துக்கும் போயிருக்கும். அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நலமான காற்றுப்பை கண்ணாடித் தாள் போல, பின்னால் இருப்பது தெரியும்படி இருக்கும். முதலில் அதில் நுரைக்குமிழ் தெரியும், பிறகு மங்கும், பிறகு தடிக்கும், கடைசியில் பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் திரள் சேரும். 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு எழுதி வைத்தால் அடுத்த வாரம் ஒப்பிடலாம். இதயத்தையும் கல்லீரலையும் வெண்படலம் மூடியிருந்தால் ஈ கோலி சேர்ந்துவிட்டது. கல்லீரலில் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள் நிறைய இருந்தால் கோழிக் காலராவை நினையுங்கள். ரத்தப் பூச்சில் இரு முனையும் சாயமேறிய குச்சிக் கிருமிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது

எடுக்க வேண்டிய கோழி, நோய் முற்றிய கோழி அல்ல; அறிகுறி தொடங்கி ஓரிரு நாளே ஆன கோழி. கிருமி அதில்தான் அதிகம், கலப்படக் கிருமி குறைவு. எடுக்க வேண்டிய நேரம், ஆண்டிபயாடிக் தண்ணீரில் கலக்கும் முன். ஒரு நாள் மருந்து ஓடிய பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளரவில்லை என்றால், கிருமி இல்லை என்று பொருள் கொள்ள முடியாது.

மைக்கோபிளாஸ்மாவுக்கு மேல் அண்ணப் பிளவிலோ மூச்சுக்குழாயிலோ ஸ்வாப் (பஞ்சுமுனைக் குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுக்க வேண்டும். அலகைத் திறந்து மேலண்ணத்தில் தெரியும் நீள்பிளவுக்குள் பஞ்சுமுனையை நுழைத்துத் தேய்ப்பது எளிது. மூச்சுக்குழாய் என்றால் கோழி மூச்சை இழுக்கும்போது குரல்வாய் திறக்கும். அந்தக் கணத்தில் நுழைத்து இரண்டு முறை சுழற்றி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்டும் பாலியெஸ்டர் முனையும் உள்ள ஸ்வாப் நல்லது. மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் முனையும், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனையின் வினையைத் தடுத்துவிடக்கூடும். பி.சி.ஆருக்கு 5 ஸ்வாப் வரை ஒரு குழாயில் சேர்ப்பது வழக்கம். வளர்ப்புச் சோதனைக்கு ஸ்வாப் உலரவே கூடாது. ஆய்வகம் கொடுத்த திரவத்தில் உடனே போட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

கொரைசாவுக்கு மாதிரி கண்ணுக்குக் கீழுள்ள சைனஸ் குழியிலிருந்து. அப்போதே கொன்ற நோயுற்ற கோழியில், தோலைப் பழுக்கக் காய்ச்சிய தகட்டால் சுட்டு மேல் கிருமிகளைக் கொன்றபின், கிருமிநீக்கிய கத்தியால் கீறி, ஆழத்திலிருந்து ஸ்வாப் எடுக்க வேண்டும். மூக்கு நுனியில் வழிவதைத் துடைத்து அனுப்பினால் வேறு கிருமிகள்தான் வளரும். ஆய்வகத்தில் இதை அடையாளம் காணும் விதம் அழகானது. இந்தக் கிருமிக்கு என்.ஏ.டி என்ற பொருள் தேவை. அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்துவிட்டால், அது வெளியிடும் என்.ஏ.டி-யைத் தேடி, கோட்டின் ஓரத்தில் மட்டும் பனித்துளி போன்ற சிறு புள்ளிகளாக வளரும். கோட்டை விட்டு விலகினால் ஒன்றும் இருக்காது.

ரத்தத்தை இறக்கை ரத்தநாளத்திலிருந்து 1, 2 மில்லி எடுத்து, குழாயைச் சாய்த்து வைத்து, அறை வெப்பத்தில் சில மணி நேரம் உறைய விடுங்கள். எடுத்தவுடன் ஐஸில் வைத்தால் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) சரியாகப் பிரியாது, சிவந்தும் போகலாம். சீரத்தைத் தனியாகப் பிரித்துக் குளிரில் வைத்து, பிளேட் டெஸ்ட் (கண்ணாடித் தகட்டில் செய்யும் விரைவுச் சோதனை) என்றால் 72 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு முன் உறைய வைக்கக் கூடாது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு காலம்

பிளேட் டெஸ்டில், சாயமேற்றிய மைக்கோபிளாஸ்மா ஆன்டிஜனும் (சோதனைக்கான கிருமிப் பொருள்) சீரமும் சம அளவில், சுமார் 0.03 மில்லி வீதம், கண்ணாடித் தகட்டில் கலந்து மெல்ல அசைக்கப்படும். கிருமியை எதிர்த்துக் கோழியின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் 2 நிமிடத்துக்குள் நிறத் துகள்கள் திரளும். 2 நிமிடம் தாண்டினால் ஓரம் உலர்ந்து, திரண்டது போலவே தெரியும். அதைப் படிக்கக் கூடாது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று ஏற்கெனவே தெரிந்த சீரங்களையும் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டும். தொற்றிய 7 முதல் 10 நாளில் இது காட்டத் தொடங்கும்.

வேகமானது என்பதாலேயே இது தவறியும் காட்டும். எண்ணெய் கலந்த கொல்லப்பட்ட தடுப்பூசி எதையாவது சமீபத்தில் போட்டிருந்தால், அது வேறு நோய்க்கானதாக இருந்தாலும், பொய்யான பாசிட்டிவ் வரலாம். காலிசெப்டிகமும் சினோவியேயும் ஒன்றுக்கொன்று குறுக்காகவும் வினை காட்டும். பாசிட்டிவ் வந்த சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, நீர்த்து மறுபடி சோதிப்பது இதற்காகத்தான். அப்போதும் திரண்டால், எதிர்ப்பொருளையே வேறு வழியில் அளக்கும் ரத்தத்திரள் தடுப்புச் சோதனையிலோ எலைசாவிலோ உறுதிசெய்வார்கள். ரத்தத்திரள் தடுப்பில் சீரத்தை 1:80 அல்லது அதற்கு மேல் நீர்த்தும் வினை காட்டினால் பாசிட்டிவ், 1:40 வரை மட்டும் என்றால் சந்தேகம். இவ்வகை எதிர்ப்பொருள் எழ இன்னும் தாமதமாகும். 3 வாரம் என்று கணக்கு வைத்தால் பிழையில்லை.

பி.சி.ஆர் தேடுவது எதிர்ப்பொருளை அல்ல, கிருமியின் மரபணுவை. ஆகவே தொற்றிய சில நாளிலேயே காட்டும். வளர்ப்புச் சோதனை மிக மெதுவானது: மைக்கோபிளாஸ்மா வளரவில்லை என்று சொல்ல 3 வாரம் வரை காத்திருக்க வேண்டும். வளர்ந்தால் நுண்ணோக்கியில் பொரித்த முட்டை போலத் தெரியும். எந்த மருந்து கேட்கும் என்று அறிய உயிருள்ள கிருமி வேண்டும் என்பதால் அந்தப் பொறுமைக்கு மதிப்பு உண்டு. ஓ.ஆர்.டி-யும் நிதானமாக, கார்பன் டை ஆக்சைடு கூடிய சூழலில் வளர்வது. தட்டை ஒரே நாளில் எறிந்துவிட்டால் தவறிவிடும்.

இந்தக் காலக்கணக்கு தெரியாமல் நடக்கும் குழப்பம் ஏராளம். தும்மல் தொடங்கிய 3-ம் நாள் ரத்தம் எடுத்து, நெகட்டிவ் வந்ததும் மைக்கோபிளாஸ்மா இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். அந்த ரத்தம் சொல்வது இன்றைய நிலையை அல்ல, போன வாரத்துக்கு முந்தைய நிலையை. சரியான முறை, இன்று ஸ்வாபும் ரத்தமும் எடுப்பது, 2, 3 வாரம் கழித்து அதே கூட்டத்தில் மறுபடி ரத்தம் எடுத்து ஒப்பிடுவது. முன்பு இல்லாதது பின்பு எழுந்திருந்தால் தொற்று இந்த இடைவெளியை ஒட்டி நடந்தது. ஒரு நாள் குஞ்சின் ரத்தம் பாசிட்டிவ் என்றால் அது தாய் கொடுத்த எதிர்ப்பொருள். குஞ்சைப் பற்றி அல்ல, தாய்க்கூட்டத்தைப் பற்றிய தகவல்.

எத்தனை கோழி?

ஒரு கூட்டத்தில் 5% கோழிகளுக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழியைப் பிடித்தால் அது தொற்றில்லாததாக இருக்கும் வாய்ப்பு 0.95. 59 கோழிகளைப் பிடித்தும் ஒன்றுகூடத் தொற்றுள்ளதாக அகப்படாத வாய்ப்பு, 0.95-ஐ 59 முறை பெருக்கியது, அது 0.05-க்குச் சற்றுக் கீழே. அதாவது 59 கோழிகளைச் சோதித்தால், இருந்தால் அகப்படும் என்று 95% நம்பலாம். நினைவில் வைக்க எளிய வழி, 3-ஐ விகிதத்தால் வகுப்பது: 5% என்றால் 3/0.05, அதாவது 60. 10% என்றால் 30. 1% என்றால் 300. பெரிய கூட்டத்தில் 10,000 கோழி இருந்தாலும் 50,000 இருந்தாலும் இந்த எண் ஏறக்குறைய மாறுவதில்லை. பலருக்கும் நம்பக் கடினமாக இருப்பது இதுதான்.

சோதனை 100-ல் 80 நோயுற்ற கோழியை மட்டுமே பிடிக்கும் என்றால், 10% தொற்று நமக்கு 8% ஆகத்தான் தெரியும். துல்லியமாகக் கணக்கிட்டால், 29 கோழிக்குப் பதில் 36 தேவை. மறுபக்கமும் உண்டு. நலமான 100 கோழியில் ஒன்றைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் சோதனையைத் தொற்றே இல்லாத 60 கோழிகளுக்குச் செய்தால், ஒன்றாவது பாசிட்டிவ் வரும் வாய்ப்பு சுமார் 45%. ஒற்றைப் பாசிட்டிவ் வந்ததும் கூட்டத்தைக் கழிக்க ஓட வேண்டியதில்லை. கூட்டத்தைத் தனிமைப்படுத்தி வைத்து, பி.சி.ஆர் செய்து, 2 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாம் கோழிகள் பரவலாகப் பிடிக்கப்பட்டால்தான். கதவருகே கைக்கு வந்த 60 கோழிகளைப் பிடித்தால் அது கதவருகே உள்ள நிலவரம் மட்டுமே.

பின்தொடர்வது

கொட்டகை வரைபடம் ஒன்று, தேதிவாரி வரைகோடு ஒன்று. தொடங்க இவை போதும். வரைபடத்தில் தும்மல் எண்ணிய இடங்கள், காற்று நுழையும் பக்கம், ஆள் நடக்கும் வழி, தீவன வண்டி நிற்கும் இடம் எல்லாம் இருக்கட்டும். வரைகோட்டில் அன்றன்று புதிதாக அறிகுறி கண்ட எண்ணிக்கையைக் குறியுங்கள். 3, 4 நாளில் செங்குத்தாக ஏறினால் கொரைசா போன்ற வேகமான கிருமி. வாரக்கணக்கில் சாய்வாக ஏறினால் மைக்கோபிளாஸ்மாவின் நடை. எல்லாக் கொட்டகையிலும் ஒரே நாளில் தொடங்கினால் பொதுவான மூலத்தைத் தேடுங்கள்: ஒரே தாய்க்கூட்டத்துக் குஞ்சுகள், ஒரே நாள் தடுப்பூசி, ஒரே இரவுக் குளிர். கொட்டகை 1, 2, 4 என்று ஆள் நடக்கும் வரிசையிலேயே நோய் போனால், கிருமி ஆளோடும் வாளியோடும் நடக்கிறது.

நடக்க முடியுமா என்றால் முடியும். காலிசெப்டிகம் உலர்ந்தால் சாகும் என்றாலும், மனிதத் தலைமுடியில் 3 நாள், பருத்தித் துணியில் 4 நாள், மனித மூக்கினுள் ஒரு நாள் வரை உயிரோடு இருந்தது சோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால்தான் இளங்கோழியிலிருந்து முதிர்ந்த கோழிக்கு, நலமான கொட்டகையிலிருந்து நோயுற்றதற்கு என்ற வரிசையில் நடப்பதும், கொட்டகைக்கு ஒரு உடுப்பும் செருப்பும் வைப்பதும்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, தாய்க்கூட்டம், பொரித்த தேதி, பொரிப்பகம், தடுப்பூசித் தொகுதி எண் ஆகியவற்றை அதோடு இணையுங்கள். இரண்டு பண்ணைகளில் மைக்கோபிளாஸ்மா வந்தால் அது ஒரே கிருமிதானா என்பதை மரபணு வரிசை ஒப்பீடு சொல்லும், காலிசெப்டிகத்துக்கு எம்.ஜி.சி.2 மரபணுவும் சினோவியேவுக்கு வி.எல்.எச்.ஏ மரபணுவும் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. உயிருள்ள மைக்கோபிளாஸ்மா தடுப்பூசி போட்ட பண்ணைக்கு இந்த ஒப்பீடு கட்டாயம். டி.எஸ்-11, 6/85, எஃப் போன்ற தடுப்பூசி வகைகளையும் சாதாரண பி.சி.ஆர் 'உண்டு' என்றே சொல்லும்; அது தடுப்பூசியா, வெளியிலிருந்து வந்ததா என்று பிரிக்கத் தனிச் சோதனை வேண்டும்.

மருந்து கொடுத்து இருமல் அடங்கிய பிறகும் பதிவேட்டை மூடாதீர்கள். மருந்து மைக்கோபிளாஸ்மாவின் அளவைக் குறைக்கும், கூட்டத்திலிருந்து துடைத்தெடுக்காது. எதிர்ப்பொருள் நீண்ட காலம் தங்கும் என்பதால் பிளேட் டெஸ்ட் தொடர்ந்து பாசிட்டிவ் காட்டும். கிருமி இன்னும் வெளியேறுகிறதா என்பதற்கு ஸ்வாபும் பி.சி.ஆரும்தான் பதில். தாய்க்கோழிக் கூட்டமாக இருந்தால் நோய் பிடித்த முதல் சில வாரங்களில்தான் முட்டை வழிக் கசிவு உச்சத்தில் இருக்கும். அந்த வாரங்களில் அடைக்கு வைத்த முட்டைகள் எந்தப் பொரிப்பகம் போயின, அவற்றிலிருந்து வந்த குஞ்சுகள் எந்தக் கொட்டகையில் இறங்கின என்று முன்னோக்கித் தேட வேண்டும். அந்தக் கொட்டகைகளில் தும்மல் எண்ணுவதை முதல் நாளிலிருந்தே தொடங்கிவிட வேண்டும்.